தெளிப்பான் பழுதானால் யாரைக் கூப்பிடுவது?



பொங்கல் விழாவில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தபோது நம் சங்கத்துச் சகோதரி ஒருவர் என்னிடம் கேட்டார். "ரயில்வேயில் தண்ணீர்க் குழாய் வேலையெல்லாம் பார்த்தவராயிற்றே நீங்கள்! எங்கள் வீட்டுத் தோட்டத்தில் தண்ணீர் தெளிக்கும் சாதனம் நின்றுபோய் மூன்று மாதமாகிறது. மூன்று பேர் வந்து பார்த்துவிட்டு மூன்று விதமாகச் சொல்கிறார்கள். நல்ல ஆளாக ஒருவர் பெயரைச் சொல்லுங்களேன்!"

பெயரைச் சொன்னேன். ஆனால் பெயர் மட்டும் போதாது என்பதை 2022-ம் ஆண்டுக் கோடையில் பணத்தைக் கொடுத்துக் கற்றுக்கொண்டவன் நான். அந்தப் பாடத்தை எல்லோருக்கும் பயன்படும்படி எழுதலாமே என்று தோன்றியது. நாக்பூரில் இருப்பவர்களுக்காக எழுதினாலும், வெளியூர் அன்பர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

நான் கெட்ட கதை

என் வீட்டின் முன்புறம் சிறிய புல்தரை, பின்புறம் கறிவேப்பிலை, செம்பருத்தி, இரண்டு வாழை, ஒரு மல்லிகைப் புதர். மல்லிகை என் மனைவியின் தாய்வீட்டிலிருந்து வந்தது. கும்பகோணத்தில் என் மாமியார் வளர்த்த செடியின் பதியனை ஈரச்சாக்கில் சுற்றி ரயிலில் கொண்டுவந்தோம். பிறகு மாமியாரும் காலமாகி, அந்த வீடும் கைமாறிவிட்டது. அந்த வீட்டின் மிச்சமாக எங்களிடம் இருந்தது அந்தப் புதர் ஒன்றுதான்.

ஓய்வு பெற்றபின் தோட்டத்துக்கு டைமர் வைத்த தெளிப்பான்கள் போட்டேன். மூன்று வருடம் ஒழுங்காக ஓடியது. 2022 மார்ச்சில் தண்ணீரின் வேகம் குறைந்தது. பின்புறக் கடைசித் தெளிப்பான்கள் தரையிலிருந்து எழும்பவே இல்லை. பக்கத்துத் தெருவில் ஒரு பிளம்பர் இருக்கிறார் என்றார்கள். அவர் சென்னையில் இரண்டு வருடம் வேலை பார்த்தவர். "சார், எல்லாம் சரி பண்ணிடலாம்" என்று அவர் தமிழில் சொன்னதும் எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. ஊரைவிட்டு வெளியே நாற்பது வருடம் வாழ்ந்தவனுக்குக் காதில் தமிழ் விழுந்தால் போதும், புத்தி கொஞ்சம் உறங்கிவிடும்! தமிழ் பேசியது அவர் குற்றமல்ல. கேள்வி கேட்க மறந்தது என் குற்றம்.

ஐந்து நிமிடம் பார்த்தார். "பம்பு வீக் சார்" என்றார். அரை எச்.பி. பம்பைக் கழற்றிவிட்டு ஒன்றரை எச்.பி. பம்பு மாட்டினார். பழைய பம்பை ஐநூறு ரூபாய் கழித்துக்கொண்டு தூக்கிப் போனார். மொத்தம் 11,500 ரூபாய், துண்டுச் சீட்டில் எழுதிய கணக்கு. தண்ணீர் பீறிட்டு வந்தது. நானும் மகிழ்ந்தேன்.

ஏப்ரலில் மகளின் பிரசவத்துக்காகத் திருச்சிக்குப் போய் இருபது நாள் தங்கினோம். ஒருநாள் விட்டு ஒருநாள் போர் மோட்டாரைப் போட்டுத் தரைத்தொட்டியை நிரப்பும்படி பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்து கதவைத் திறந்தால் தாழ்வாரத்துத் தரை ஒரு மூலையில் உள்வாங்கியிருந்தது. அதன் கீழே சென்ற குழாயின் முழங்கை இணைப்பு விட்டுப்போய், தண்ணீர் எல்லாம் மண்ணுக்குள் போயிருக்கிறது. தொட்டி காலியாகி, தண்ணீர் இல்லாமல் ஓடிய பம்பு கருகிவிட்டது. தொட்டி சீக்கிரம் காலியாவதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், செடிகள் நன்றாகக் குடிக்கின்றன என்று சந்தோஷப்பட்டிருக்கிறார்! நாக்பூர் வெயிலில் பின்புறத் தோட்டம் அப்பளமாகப் பொரிந்திருந்தது. மல்லிகைப் புதரை ஒடித்தால் சுள்ளியாக ஒடிந்தது. என் மனைவி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

இரண்டாவதாக வந்தவர், குழாய் முழுவதையும் தோண்டிப் புதிதாகப் போட நாற்பதாயிரம் கேட்டார். மூன்றாவதாக, விவசாயக் குழாய் விற்கும் கடைக்காரர் அனுப்பிய ஒரு பெரியவர் சைக்கிளில் வந்தார். காட்டோல் பக்கத்து ஆரஞ்சுத் தோட்டங்களில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். வாசலிலேயே நின்று அவர் கேட்ட முதல் கேள்வி: "பில்டர் குட்டே ஆஹே, சாஹேப்?" வடிகட்டி எங்கே என்று கேட்டார்.

திறந்து காட்டினார். உள்ளே இருந்த வட்டத் தட்டுகள் களிமண் பூசிய தோசைக்கல் போல ஒட்டிக்கிடந்தன. "கடைசியாக எப்போது கழுவினீர்கள்?" என்று கேட்டார். மூன்று வருடமாக நான் அதைத் திறக்கவே இல்லை! வார்தாவிலும் பல்லார்ஷாவிலும் ரயில் பெட்டிகளுக்குத் தண்ணீர் ஏற்றும் குழாய்களைச் சோதித்து, "வடிகட்டி சுத்தம் செய்யப்படவில்லை" என்று எத்தனையோ பேருக்குக் குறிப்பு எழுதிய இன்ஸ்பெக்டர் ஆப் ஒர்க்ஸ் நான். அன்று எனக்கு நானே ஒரு குறிப்பு எழுதிக்கொண்டேன்.

நோய் வடிகட்டியில், மருந்து பம்புக்கு. பழைய பம்பு அதிகபட்சம் சதுர சென்டிமீட்டருக்கு இரண்டரை கிலோ அழுத்தம் கொடுக்கும். புதியது நாலரை கிலோ. என் குழாயோ 4 கிலோ வகுப்பு. வடிகட்டி அடைத்திருந்ததால் பம்புக்கும் வடிகட்டிக்கும் நடுவில் அழுத்தம் ஏறிக்கொண்டே போய், பலவீனமான இணைப்பு விட்டுவிட்டது. எந்தப் பாடப்புத்தகத்திலும் முதல் அத்தியாயத்தில் உள்ள விஷயம்.

சாதனத்தின் உறுப்புகள்

நல்ல ஆளைத் தேடுமுன், நம் வீட்டில் இருப்பது என்ன என்று தெரிய வேண்டும். தண்ணீர் போகும் வரிசையில் சொல்கிறேன்: தொட்டி, பம்பு, வடிகட்டி, வால்வுகள், மண்ணுக்குள் செல்லும் குழாய், தெளிப்பான் தலைகள். வால்வுகளை நேரப்படி திறந்து மூடுவது டைமர். பெரும்பாலான டைமர்கள் வால்வுக்கு 24 வோல்ட் மின்சாரமே அனுப்புகின்றன. ஆனால் பம்புக்குச் செல்வது 230 வோல்ட். இந்த வித்தியாசம் மனதில் இருக்கட்டும்.

அழுத்தக் கணக்கு சுலபமானது. 10 மீட்டர் உயரத்தில் நிற்கும் தண்ணீர் ஏறக்குறைய சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் தரும். மாடித்தொட்டி 7 மீட்டரில் இருந்தால் 0.7 கிலோதான். சொட்டு நீர்க் குழாய்க்கு இது ஓரளவு போதும். புல்தரையில் எழும்பித் தெளிக்கும் தலைகளுக்குச் சுமார் 2 கிலோ வேண்டும். ஆகவே மாடித்தொட்டியோடு நேரே இணைத்துவிட்டு, "தலை எழும்பவில்லை, கம்பெனி மோசம்" என்று சொல்வதில் பயனில்லை.

கூப்பிடுமுன் அரைமணி நேரச் சோதனை

டாக்டரிடம் போகுமுன் காய்ச்சல் எத்தனை டிகிரி என்று பார்த்துக்கொள்வதில்லையா, அதுபோலத்தான் இது. பம்பின் சுவிட்சை அணைத்துவிட்டு, முதலில் வடிகட்டியைத் திறந்து கழுவுங்கள். பாதி வீடுகளில் வேலை இங்கேயே முடிந்துவிடும்.

அடுத்தது வாளிச் சோதனை. பம்பை அடுத்து, வடிகட்டிக்கு முன்னால் ஒரு குழாய்வாய் இருந்தால் அதைத் திறந்து 20 லிட்டர் வாளி எத்தனை விநாடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். 40 விநாடி என்றால் நிமிடத்துக்கு 30 லிட்டர், மணிக்கு 1,800 லிட்டர். சாதனம் புதிதாக இருந்தபோது எடுத்த கணக்கோடு ஒப்பிட்டால் பம்பு இளைத்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் என் 11,500 ரூபாய் பிழைத்திருக்கும்.

பிறகு, பழுது எங்கே தெரிகிறது என்று கவனியுங்கள்:

1. எல்லாத் தலைகளும் பலவீனம் என்றால் பம்பு, உறிஞ்சு குழாய், வடிகட்டி இவற்றில் ஒன்று.

2. ஒரு பகுதி மட்டும் வேலை செய்யவில்லை என்றால் அந்தப் பகுதியின் வால்வு, அதன் காயில் அல்லது ஒயர்.

3. ஒரே ஒரு தலை மட்டும் என்றால் அதன் துளை அடைப்பு. ஊசியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகி, தெளிப்பது பீய்ச்சலாகிவிடும். கடின நீரின் உப்பு படிந்திருந்தால், வினிகரில் ஓர் இரவு ஊறவைத்து பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் தேயுங்கள்.

4. மூடிய பிறகும் ஒரு பகுதி விடாமல் கசிந்தால் வால்வின் உட்சவ்வில் மணல் சிக்கியிருக்கலாம். ஆனால் தாழ்வான இடத்துத் தலை மட்டும் நிறுத்தியபின் சில நிமிடம் வடிந்து நின்றுவிட்டால், அது குழாயில் தங்கிய தண்ணீர். பழுதல்ல. இதைக் காட்டிப் புது வால்வு விற்பவர்களும் உண்டு, ஜாக்கிரதை!

5. எதுவும் ஓடாத நேரத்தில் தரை ஈரமாக இருந்தால் குழாயில் கசிவு. குழாய் மீட்டரோடு இணைந்திருந்தால், வீட்டுக் குழாய்களை எல்லாம் மூடிவிட்டு மீட்டரைக் குறித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். 40 லிட்டர் ஓடியிருந்தால் நாளுக்கு 480, மாதத்துக்கு 14,400 லிட்டர் வீண்.

இவற்றை ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். வருகிறவர் கையில் அதைக் கொடுத்தாலே, இவர் விஷயம் தெரிந்தவர் என்று பாதி ஏமாற்று அடங்கிவிடும்.

எந்த வேலைக்கு யார்?

நாம் எல்லோரையும் "பிளம்பர்" என்ற ஒரே பெயரில் கூப்பிடுகிறோம். குளியலறைக் குழாய் பார்ப்பவர் தம் வேலையில் கெட்டிக்காரராக இருக்கலாம். ஆனால் அவருக்கு அழுத்தம், பகுதி பிரித்தல், டைமர் இவற்றில் பழக்கம் இருக்காது. பம்பு, சுவிட்சுப் பலகை, ஒயர் இவற்றுக்கு லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் வர வேண்டும். தோட்டக்கார மாலி தலைகளைத் திருப்பிவிடுவார். அதற்குமேல் அவரிடம் எதிர்பார்ப்பது நியாயமல்ல. தெளிப்பானுக்கும் சொட்டு நீருக்கும் உரிய ஆள், விவசாயப் பாசனச் சாதனம் பொருத்தும் பிட்டர்.

மகாராஷ்டிரத்தில் இவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆரஞ்சு, திராட்சை, வாழை என்று தோட்டப்பயிர் நிறைந்த மாநிலம். சொட்டு நீருக்கும் தெளிப்பு நீருக்கும் அரசு மானியம் இருப்பதால் தாலுகாதோறும் வியாபாரிகள் இருக்கிறார்கள். மானியம் விவசாயிகளுக்குத்தான், நம் புல்தரைக்குக் கிடைக்காது. ஆனால் அவர்களுடைய பிட்டர் நமக்கும் கிடைப்பார்.

எங்கே தேடுவது?

கடைப் பலகையில் "துஷார் சிஞ்சன்" என்று மராத்தியில் எழுதியிருந்தால் அது தெளிப்பு நீர்ப்பாசனம். "டிபக் சிஞ்சன்" என்றால் சொட்டு நீர். இந்தக் கடைகளில்தான் முதலில் விசாரிக்க வேண்டும். அடுத்து, செடி விற்கும் நர்சரிகள். அவர்களுக்குத் தினமும் தண்ணீர் ஓட வேண்டும். ஆகவே நம்பகமான ஆள் தெரிந்திருக்கும். பெரிய புல்வெளி உள்ள குடியிருப்புச் சங்கம், பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் இவற்றின் காவலாளியிடம் கேட்டாலும் சொல்வார். செல்போனில் கிடைக்கும் முகவரிகளையும் பார்க்கலாம்; ஆனால் நட்சத்திரங்களை எண்ணி முடிவு செய்யாமல், அவர் வேலை செய்த ஒரு வீட்டையாவது நேரில் பாருங்கள்.

காலமும் முக்கியம். ஏப்ரல், மே மாதங்களில் எல்லாத் தோட்டக்காரர்களும் இவர்களைத்தான் துரத்துவார்கள். தீபாவளிக்குப் பிறகு கூப்பிட்டால் நிதானமாக வந்து பார்ப்பார்கள்.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. முதலில் எதைச் சோதிப்பீர்கள்? வடிகட்டி, அழுத்தமானி என்று பதில் வந்தால் உட்காரவைத்து டீ கொடுங்கள். பார்க்காமலே "பம்பு மாற்றணும்" என்றால் வணக்கம் சொல்லி அனுப்புங்கள்.

2. இந்தப் பக்கத்தில் யார் வீட்டில் இதே வேலை செய்திருக்கிறீர்கள்? அவர்களிடம் பேசலாமா?

3. வந்து பார்க்க எவ்வளவு கூலி? வேலை கொடுத்தால் அது கழியுமா? பார்வைக் கூலி கேட்பவரைப் பேராசைக்காரர் என்று நினைக்காதீர்கள். இலவசமாகப் பார்க்க வருபவர், எதையாவது விற்றுத்தான் அந்த நேரத்தை ஈடுகட்ட வேண்டும்.

4. போடும் பொருள் எந்த வகுப்பு, எத்தனை கிலோ அழுத்தம் தாங்கும்? பி.வி.சி. குழாய் என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4985 என்ற எண்ணும் குழாயின் மேலேயே அச்சாகியிருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

5. அதே பழுது மீண்டும் வந்தால் எத்தனை நாளுக்குள் வருவீர்கள்? இதை எழுதிக் கொடுப்பீர்களா?

பணமும் காகிதமும்

முழுத்தொகையை முன்னால் கொடுக்க வேண்டாம். பொருளுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, கூலியை ஒவ்வொரு பகுதியும் நம் கண்முன் ஓடியபிறகு கொடுக்கலாம். மண்ணை மூடுமுன் குழாயில் தண்ணீர் விட்டு அரைமணி நேரம் இணைப்புகளைப் பார்ப்பது அவசியம். கழற்றிய பழைய பொருளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என் அரை எச்.பி. பம்பு நன்றாகவே இருந்தது. ஐநூறுக்குக் கொடுத்துவிட்டு அதே அளவில் புதிது வாங்கினேன்.

ஜி.எஸ்.டி. எண் போட்ட பக்கா பில் கேளுங்கள். வரியை மிச்சப்படுத்தத் துண்டுச்சீட்டு வாங்கினால், தகராறு வரும்போது கையில் எதுவும் இருக்காது. பில் இருந்தால் 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாட்டுக்கு முறையிடலாம்; தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. என்னிடம் இருந்தது துண்டுச்சீட்டு. ஆகவே வாயை மூடிக்கொண்டேன்.

உயிர் சம்பந்தப்பட்டது

ரயில் பாதையின் மேலே செல்லும் மின்கம்பியில் கைவைக்குமுன் பவர் பிளாக் எடுத்து, கம்பியை எர்த் செய்த பிறகுதான் வேலை தொடங்கும். வீட்டுத் தோட்டத்திலும் அந்த ஒழுக்கம் வேண்டும். ஈரத்தரை, வெறுங்கால், 230 வோல்ட் பம்பு மூன்றும் சேர்ந்தால் எமன் வெகுதூரத்தில் இல்லை. பம்பின் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவு காப்பான், அதாவது ஆர்.சி.சி.பி., கட்டாயம் இருக்க வேண்டும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். பம்பைத் தொடுமுன் மெயினை அணையுங்கள். பேரன் பேத்திகள் ஓடி விளையாடும் இடத்தில் ஒட்டுப்போட்ட ஒயர் ஒரு முழமும் வேண்டாம்.

இன்னொன்று: தோட்டக் குழாய் குடிநீர்க் குழாயோடு இணைந்திருந்தால், அழுத்தம் குறையும்போது மண்ணில் தேங்கிய தண்ணீர் குடிநீரில் கலக்கலாம். நடுவில் பின்னோட்டத் தடை வால்வு இருக்கிறதா என்று வருகிறவரைக் கேளுங்கள். மாநகராட்சிக் குழாயில் நேரடியாகப் பம்பு வைத்து உறிஞ்சுவது பெரும்பாலான நகரங்களில் தடை செய்யப்பட்டது. அப்படி யோசனை சொல்பவரை நம்ப வேண்டாம்.

அவர்களுடைய மொழியும் மரியாதையும்

அந்தப் பெரியவர் வேலை முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. விட்டுப்போன இணைப்பை மாற்றினார், வடிகட்டியைக் கழுவினார், பம்பு வறண்டு ஓடாமல் நிற்கத் தொட்டியில் மிதவை சுவிட்ச் வைக்கச் சொன்னார். எலக்ட்ரீஷியன் வந்து வைத்தார். பெரியவரின் கூலி 1,800 ரூபாய். வழக்கப்படி நான், "1,500 வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டார். தமிழ் பேசியவருக்கு 11,500-ஐ எண்ணிக்கூடப் பார்க்காமல் கொடுத்தவன், நாணயமாக உழைத்தவரிடம் முந்நூறைக் குறைக்கிறேன்! உள்ளே இருந்த என் மனைவி மீதிப் பணத்தைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்து, தனக்குத் தெரிந்த மராத்தியில் "காகா, சாப்பிட்டுவிட்டுப் போங்கள்" என்றாள்.

நாம் பிழைக்க வந்த ஊரின் மொழியில் நாலு வார்த்தையாவது பேசினால், வேலை செய்பவர் நம்மை வாடிக்கையாளராக மட்டும் பார்ப்பதில்லை. வயதானவர் என்றால் காகா, நம் வயதுக்காரர் என்றால் பாவு. குடிக்கத் தண்ணீர், உட்கார நாற்காலி. இதற்குச் செலவு இல்லை.

சாப்பிட்டு முடித்த காகா பின்புறம் போய் மல்லிகையைப் பார்த்தார். பிடுங்கிப் போடுவதாக இருந்தோம். அவர் ஒரு கிளையின் அடியை நகத்தால் கீறிக் காட்டினார். உள்ளே கொஞ்சம் பச்சை இருந்தது. தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டி, வைக்கோல் மூடி, மாலையில் கையால் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றச் சொன்னார். என் மனைவி தவறாமல் ஊற்றினாள். ஜூன் கடைசியில் மழை பிடித்தபிறகு அடிக்கட்டையில் இரண்டு துளிர் வந்தது. அன்றுதான் அவள் அந்தக் கோடைபற்றி என்னிடம் முதன்முறையாகப் பேசினாள். "வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவுங்கள்" என்றாள். அவ்வளவுதான்.

இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு காலையில் வடிகட்டியைத் திறக்கிறேன். காலண்டரில் குறித்தும் வைக்கிறேன். நீங்களும் இந்த ஞாயிறே உங்கள் வீட்டு வடிகட்டியைத் திறந்து பாருங்கள். ஆளைத் தேடுவது அதன் பிறகு ஆகட்டும்.